கிளாரா ஷூமன்: ஆசிரியராக ஒரு மதிப்பீடு

கிளாரா ஷூமன் (செப்டம்பர் 13, 1819 – மே 20, 1896) ஜெர்மானியப் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், பியானோ ஆசிரியர். ஒன்பது வயதில் மேடையேறி, எழுபத்தொரு வயது வரை பொது நிகழ்ச்சிகளில் வாசித்தவர். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் மனைவி. யோஹானஸ் பிராம்ஸின் வாழ்நாள் தோழி.

1990 முதல் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வரும் வரை ஜெர்மனியின் 100 மார்க் பணத்தாளில் கிளாராவின் முகம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு பெரிய பியானோவும் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் ஹோக் இசைக்கல்லூரியும் அச்சிடப்பட்டிருந்தன. கிளாராவைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுபவை எல்லாம் முன்பக்கத்து முகத்துக்கு உரியவை: குழந்தை மேதை, தந்தையை எதிர்த்து மணந்த காதலி, இளம் விதவை, எட்டுப் பிள்ளைகளின் தாய். பின்பக்கத்துக் கட்டடத்தில் அவர் ஆசிரியராகச் செய்த பணி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அவருடைய இசை எவ்வாறு ஒலித்தது என்பதை இன்று ஓரளவேனும் அறிய முடிகிறது என்றால், அது அவருடைய மாணவர்கள் வழியாகத்தான்.

பிறப்பும் பயிற்சியும்

கிளாரா லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ விற்பனையும் செய்தவர். தாய் மரியானா பாடகி, பியானோ கலைஞர். கிளாராவுக்கு ஐந்து வயதானபோது பெற்றோர் பிரிந்தனர். அக்காலச் சட்டப்படி குழந்தை தந்தையிடமே வளர்ந்தது. கிளாரா நான்கு வயது கடந்தும் பேசவில்லை. காது கேளாத குழந்தையோ என்று வீட்டார் ஐயப்பட்டனர். ஆனால் பியானோவில் கேட்டதை அப்படியே திருப்பி வாசித்தது அக்குழந்தை.

வீக்கின் கற்பித்தல் முறை அக்காலத்துக்குப் புதுமையானது. தொடக்கத்தில் இசைக்குறிப்புகளைக் கண்ணில் காட்டாமல், காதால் கேட்டு வாசிக்கவே பழக்கினார். குரலில் பாடுவதுபோல் விரலும் பாட வேண்டும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. நாள்தோறும் ஒரு மணி நேரப் பாடம், அளவான பயிற்சி, நீண்ட நடை என்று காலத்தைப் பகுத்துக் கொடுத்தார். இசைக்கோட்பாடு, வயலின், இசையமைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர்களை அமர்த்தினார். பொதுப் பள்ளிக்கல்விக்கு மட்டும் மிகக் குறைந்த நேரமே ஒதுக்கப்பட்டது.

அந்தப் பயிற்சியின் மறுபக்கமும் கவனிக்கத் தக்கது. கிளாராவின் ஏழாம் வயதில் ஒரு நாட்குறிப்பு தொடங்கப்பட்டது. அதைப் பல ஆண்டுகள் எழுதியவர் வீக். "நான்" என்று மகளின் குரலிலேயே அவர் எழுதினார். மகள் என்ன நினைக்க வேண்டும் என்பதையும் தந்தையே எழுதிவைத்த நாட்குறிப்பு அது. நல்ல ஆசிரியர் ஒருவர் மாணவரை முழுவதும் தம் உடைமையாகக் கருதினால் என்ன ஆகும் என்பதற்கு வீக் ஒரு சான்று.

1828 அக்டோபரில் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் கிளாரா முதன்முதலாக வாசித்தார். 1830 நவம்பரில் அதே அரங்கில் தனி நிகழ்ச்சி நடத்தினார். 1838-இல் வியன்னா அரசவை அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

மணமும் மேடையும்

1830-இல் வீக்கிடம் பயில வந்து அவர் வீட்டிலேயே தங்கிய ராபர்ட் ஷூமன், பின்னர் கிளாராவை மணக்க விரும்பினார். வீக் கடுமையாக எதிர்த்தார். ராபர்ட் குடிப்பழக்கம் உள்ளவர் என்று நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார். வழக்கு இருவருக்கும் சாதகமாக முடிந்து, 1840 செப்டம்பர் 12 அன்று திருமணம் நடந்தது. மறுநாள் கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது.

மண வாழ்க்கையில் அன்பு இருந்தது, நெருக்கடியும் இருந்தது. ராபர்ட் இசையமைக்கும் நேரத்தில் கிளாரா பயிற்சி செய்ய முடியாது. வீட்டுச் சுவர்கள் ஒலியைத் தடுக்கவில்லை. 1841 முதல் 1854 வரை எட்டுக் குழந்தைகள் பிறந்தனர். இந்த நிலையிலும் கிளாரா மேடையை விடவில்லை. 1844-இல் ரஷ்யப் பயணம் மேற்கொண்டார். ராபர்ட்டின் பியானோ கான்செர்ட்டோவை 1845 டிசம்பரில் டிரெஸ்டன் நகரில் முதலில் வாசித்தவர் அவரே.

1854 பிப்ரவரியில் மனநோய் முற்றிய ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். மீட்கப்பட்டு, பான் நகருக்கு அருகிலுள்ள எண்டெனிக் மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டார். இரண்டாண்டுகளுக்கு மேல் கிளாரா அவரைப் பார்க்கவில்லை. 1856 ஜூலையில் அவர் பார்த்த இரண்டாம் நாள் ராபர்ட் இறந்தார். நண்பர்கள் நிதி திரட்டித் தர முன்வந்தபோது கிளாரா மறுத்துவிட்டார். கச்சேரி வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தார். பின்னாளில் ஜூலி, ஃபெலிக்ஸ், ஃபெர்டினாண்ட் ஆகிய மூன்று பிள்ளைகளின் மரணத்தையும், லூட்விக் மனநல விடுதியில் அடைக்கப்பட்டதையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. ஃபெர்டினாண்டின் குழந்தைகளையும் அவரே ஆதரித்தார்.

கச்சேரி முறையில் மாற்றம்

கிளாராவின் கச்சேரி நிகழ்ச்சி நிரல்கள் ஏறத்தாழ 1300 இன்றும் ட்ஸ்விக்காவ் நகரின் ஷூமன் இல்லத்தில் உள்ளன. ஒரு கலைஞரின் ரசனை வளர்ந்த வழியை இவ்வளவு முழுமையாகக் காட்டும் ஆவணம் அரிது.

தொடக்ககால நிரல்களில் ஹெர்ட்ஸ், பிக்சிஸ் போன்றோரின் பகட்டான உருப்படிகள் மிகுதி. விரல் வேகத்தைக் காட்டிக் கைதட்டல் பெறுவதற்காக எழுதப்பட்டவை அவை. காலப்போக்கில் அவை மறைந்து பாக், பேத்தோவன், சோப்பின், மெண்டல்சன், ஷூமன், பிராம்ஸ் ஆகியோர் இடம்பெற்றனர். இன்றைய பியானோ கச்சேரியில் வழக்கமாகக் கேட்கப்படும் வரிசை பெரும்பாலும் இதுவே. இதை நிலைநிறுத்தியவர்களில் கிளாரா முதன்மையானவர்.

மனப்பாடமாக வாசிக்கும் வழக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. இளம் கிளாரா இசைக்குறிப்பு நூல் இல்லாமல் பெர்லினில் வாசித்ததை எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் செருக்கு என்று பழித்தார். இன்று நூலை வைத்து வாசித்தால்தான் வியப்பு. ஒரு தலைமுறை செருக்கு என்று கண்டதை அடுத்த தலைமுறை குறைந்தபட்சத் தகுதி ஆக்கிவிட்டது.

ஃபிராங்க்ஃபர்ட் வகுப்பறை

கிளாரா இளமை முதலே தனிப்பட்ட முறையில் பலருக்குக் கற்பித்து வந்தார். 1873 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கை வலியால் மேடையிலிருந்து விலகியிருக்க நேர்ந்தது. வயதும் ஏறியது; குடும்பச் செலவு குறையவில்லை. 1878-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹோக் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் இயக்குநர் யோவாகிம் ராஃப் அவரை அழைத்தார். கல்லூரி தொடங்கியபோது ஆசிரியர் குழுவில் இருந்த ஒரே பெண் கிளாரா. தம் வீட்டிலேயே பாடம் நடத்தவும், கச்சேரிகளுக்காக விடுப்பு எடுக்கவும் அவருக்கு உரிமை அளிக்கப்பட்டது. 1892 வரை அங்குப் பணியாற்றினார்.

ஜெர்மனியிலிருந்து மட்டுமல்லாமல் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். மகள்கள் மரீயும் ஒய்கேனியும் துணையாசிரியர்களாக இருந்தனர். பல மாணவர்கள் முதலில் மகள்களிடம் பயின்று, கை பழகிய பின்னரே கிளாராவிடம் சென்றனர். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் உடனிருந்து கேட்பது வழக்கம். இசை கற்பதில் பாதி, பிறர் திருத்தப்படுவதைக் கேட்பதில் இருக்கிறது என்பதை அறிந்த முறை இது.

மாணவர்களின் நினைவுக்குறிப்புகளிலிருந்து அவருடைய பாடமுறையின் சில கூறுகள் தெரிகின்றன. பியானோவின் கட்டையை அடிக்கக் கூடாது, அழுத்த வேண்டும். விரல் கட்டையை ஒட்டியே இருக்க வேண்டும். தோள் முதல் மணிக்கட்டு வரை இறுக்கம் கூடாது. ஒரு சுரம் அடுத்த சுரத்தோடு இடைவெளியின்றி இணைந்து பாட வேண்டும். வேகமாக ஓடும் சுரவரிசைகளும் வெறும் ஓட்டமாக இருத்தல் ஆகாது. அவற்றையும் மெட்டாகவே வாசிக்க வேண்டும். செர்னியின் பயிற்சிகளும் பாக்கின் பியூக்குகளும் அன்றாடப் பாடமாக இருந்தன. இசையமைப்பாளர் எழுதிய குறிகளை மதிக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

இக்கூறுகளில் பெரும்பகுதி வீக்கிடமிருந்து வந்தவை. தந்தையின் அடக்குமுறையை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்ற மகள், அவருடைய கற்பித்தல் முறையை மட்டும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் கைவிடவில்லை. ஆசிரியரின் குணத்தையும் அவர் தந்த கல்வியையும் வேறு வேறாக எடைபோடும் தெளிவு அவருக்கு இருந்தது.

மாணவர்களின் ஒலிப்பதிவுகள்

ஒலிப்பதிவுக் கருவி 1877-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1889-இல் பிராம்ஸின் வாசிப்பு பதிவானது. கிளாராவின் வாசிப்போ பதிவாகவில்லை. ஆனால் அவருடைய மாணவர்கள் சிலர் நீண்டகாலம் வாழ்ந்து இசைத்தட்டுகளில் வாசித்தனர். இலோனா ஐபென்ஷூட்ஸ் 1903-லேயே சில பதிவுகள் செய்தார். ஃபேனி டேவிஸ் 1928-இல் ராபர்ட் ஷூமனின் பியானோ கான்செர்ட்டோவையும், தொடர்ந்து 'கிண்டர்ஸ்சீனன்' தொகுப்பையும், 1930-இல் 'டேவிட்ஸ்பூண்ட்லர்டான்ஸ' தொகுப்பையும் பதிவு செய்தார். அடெலினா டி லாரா ஏறத்தாழ எண்பது வயதில், 1950-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்.

கிளாராவைப் பற்றிய பொதுக் கருத்தோடு இப்பதிவுகளைக் கேட்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கிளாரா என்றால் கண்டிப்பு, எழுத்துக்கு எழுத்து இசைக்குறிப்பைப் பின்பற்றுதல், அளவு மீறாமை என்றே பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் ஃபேனி டேவிஸின் வாசிப்பில் காலப்பிரமாணம் நெகிழ்கிறது. இடக்கை சற்று முந்த, வலக்கையின் மெட்டு அதன்பின் வருகிறது. ஒன்றாக ஒலிக்கும்படி எழுதப்பட்ட சுரக்கூட்டுகள் சில இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. இசைக்குறிப்பில் இவை எதுவும் இல்லை. இன்றைய இசைக்கல்லூரித் தேர்வில் இப்படி வாசித்தால் மதிப்பெண் குறையவும் கூடும்.

இதற்கு இருவகையாக விளக்கம் தரலாம். டேவிஸ் கிளாராவிடம் பயின்றது 1880-களில்; பதிவு செய்தது நாற்பது ஆண்டுகளுக்குப் பின். எனவே இது மாணவியின் சொந்தப் பழக்கம் என்பது ஒரு விளக்கம். ஆனால் டி லாராவிடமும் இதையொத்த நெகிழ்வு உள்ளது. ஆகவே, கிளாரா வலியுறுத்திய உண்மைத்தன்மை இன்று அச்சொல்லால் குறிக்கப்படுவதிலிருந்து வேறானது என்பது இரண்டாவது விளக்கம். இதுவே பொருத்தமாகப் படுகிறது. எழுதப்பட்டதை மாற்றக் கூடாது. ஆனால் எழுத முடியாததை வாசிப்பவரே உணர்ந்து தர வேண்டும். உரைநடையை வாய்விட்டுப் படிக்கும் நல்ல வாசகர் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்பதை அவர் பொருளிலிருந்தே அறிகிறார். கிளாராவின் கண்டிப்பு அந்த வகையைச் சேர்ந்தது.

மாணவர் பரம்பரை எதிர்பாராத இடங்களுக்கும் சென்றது. லண்டனில் மெத்தில்டா வெர்ன் பள்ளி நடத்தி, பின்னாளில் புகழ்பெற்ற சாலமன் என்ற பியானோ கலைஞரை உருவாக்கினார். கார்ல் ஃப்ரீட்பெர்க் அமெரிக்கா சென்று நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் கற்பித்தார். 1950-இல் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர், வடகரோலினாவிலிருந்து வந்த யூனிஸ் வேமன் என்ற கறுப்பின இளம்பெண். பின்னாளில் நினா சிமோன் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற பாடகி அவர்தான்.

காவலும் அழிப்பும்

கிளாராவின் பணியில் விமர்சனத்துக்கு உரிய பகுதி ராபர்ட்டின் படைப்புகளை அவர் காத்த முறை. 1881 முதல் 1893 வரை பிரைட்கோப்ஃப் உண்ட் ஹெர்ட்டல் பதிப்பகத்தின் வழியாக ராபர்ட்டின் முழுத் தொகுப்பை வெளியிட்டார். பிராம்ஸ் துணை நின்றார். மாணவர்களுக்காக விரல் குறிப்புகளுடன் தனிப்பதிப்பும் வெளியிட்டார். பெரும் உழைப்பு இது. ராபர்ட்டின் பியானோ இசை உலகெங்கும் பாடமானதற்கு இப்பதிப்புகள் முக்கியக் காரணம்.

அதே கைகள் சிலவற்றை மறைக்கவும் செய்தன. ராபர்ட் 1853-இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோவை, நோயின் சாயல் படிந்தது என்று கருதி வெளியிடாமல் விட்டார். வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிமும் பிராம்ஸும் இதற்கு உடன்பட்டனர். அது 1937-இல்தான் மேடையேறியது. அதே 1853-இல் ராபர்ட் செல்லோவுக்கு எழுதிய ஐந்து ரொமான்ஸ்களை 1893-இல் எரித்துவிட்டார். அவை எப்படி ஒலித்தன என்பதை இனி யாரும் அறிய முடியாது. நான்காம் சிம்பொனியின் முதல் வடிவத்தைப் பிராம்ஸ் வெளியிட்டபோது அவருடனேயே பிணங்கினார். தம் பதிப்பில் ராபர்ட்டின் வேகக் குறிகள் சிலவற்றையும் மாற்றினார்.

எழுதியதை மாற்றாதே என்று மாணவர்களிடம் வற்புறுத்தியவர், எழுதியவரின் படைப்பையே தேர்ந்து நீக்கியது முரண்பாடு. இதற்கு ஒரு நியாயம் உண்டு. கணவர் மனநல இல்லத்தில் இறந்தவர். கடைசிக் காலப் படைப்புகளை ஊர் கேலி செய்யும் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கும். அந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் வெளியிடாமல் வைத்திருப்பதும் எரிப்பதும் ஒன்றல்ல. முன்னது அடுத்த தலைமுறை தானே முடிவு செய்ய வழி விடுகிறது. பின்னது அந்த வழியை அடைத்துவிடுகிறது. வயலின் கான்செர்ட்டோ பிழைத்தது. இன்று அதை விரும்பி வாசிப்போர் பலர். எரிந்துபோன செல்லோ இசைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

லிஸ்ட், வாக்னர் ஆகியோரின் இசையையும் கிளாரா முற்றிலும் வெறுத்தார். லிஸ்ட் தம் பி மைனர் சொனாட்டாவை ராபர்ட்டுக்குக் காணிக்கையாக்கி அனுப்பியபோது, கிளாராவுக்கு அது வெறும் இரைச்சலாகவே பட்டது. இன்று அது 19-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. உறுதியான ரசனை மாணவர்களுக்கு வழிகாட்டும். அதுவே சில கதவுகளை அவர்களுக்கு மூடியும் விடும்.

எழுதாமல் விட்ட இசை

கிளாராவின் மறுப்புக்கு மிகுதியும் இரையானது அவருடைய சொந்தப் படைப்பே. ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோவைப் பதினாறு வயதில் மெண்டல்சன் நடத்த, தாமே வாசித்து அரங்கேற்றினார். 1846-இல் எழுதிய பியானோ, வயலின், செல்லோ மூவிசை (ஓபஸ் 17) அவருடைய முதிர்ந்த படைப்பு. 1853-இல் வயலினுக்கும் பியானோவுக்குமாக மூன்று ரொமான்ஸ்களை எழுதினார். ரியூக்கர்ட் கவிதைகளுக்கு அவர் அமைத்த பாடல்கள் ராபர்ட்டின் பாடல்களோடு ஒரே தொகுப்பாக 1841-இல் வெளிவந்தன.

ஆனால் இருபது வயதிலேயே, இசையமைக்கும் ஆசை பெண்ணுக்கு ஆகாது என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ராபர்ட் இறந்த பிறகு, நாற்பது ஆண்டுகளில், ஓரிரு சிறு உருப்படிகளைத் தவிர எதுவும் எழுதவில்லை. பிள்ளைகளும் பயணங்களும் நேரத்தைத் தின்றன என்பது உண்மை. ஆனால் அது முழு உண்மையன்று. இசைப்பவர் படைப்புக்குப் பணி செய்பவர் என்ற கொள்கையை அவர் வாழ்க்கையாகவே மேற்கொண்டார். அக்கொள்கையில் ராபர்ட்டுக்கு இடம் இருந்தது. பேத்தோவனுக்கும் பிராம்ஸுக்கும் இடம் இருந்தது. இசையமைப்பாளர் கிளாராவுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

மதிப்பீடு

1891 மார்ச் 12 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் கிளாரா கடைசியாக மேடையில் வாசித்தார். இரண்டு பியானோக்களுக்கான பிராம்ஸின் ஹைடன் வேரியேஷன்களை யேம்ஸ் குவாஸ்டுடன் இணைந்து வாசித்தார். 1896 மே 20 அன்று அதே நகரில் மறைந்தார். பான் நகரில் ராபர்ட்டின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கிளாராவைத் தியாகத்தின் உருவமாகப் போற்றுவது எளிது. கணவரின் புகழுக்காகத் தம்மை அடக்கிக்கொண்டவர் என்று இரங்குவதும் எளிது. இரண்டுமே அவரை ராபர்ட்டை வைத்தே அளக்கின்றன. ஹோக் கல்லூரியில் அவர் கற்பித்த பதினான்கு ஆண்டுகளை வைத்து அளந்தால் வேறொரு கிளாரா தெரிகிறார். கொடுமையான ஆசிரியரிடமிருந்து நல்ல முறையைப் பிரித்தெடுத்து, கொடுமையை விட்டு முறையை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தந்தவர் அவர். அவருடைய மாணவர்கள் ஒரே அச்சில் வார்த்த உருவங்களாக இல்லை. டேவிஸின் வாசிப்பும் டி லாராவின் வாசிப்பும் உறவு தெரியும்படி இருக்கின்றன. ஒன்றன் நகல் மற்றொன்று அன்று. வீக்கின் வகுப்பிலிருந்து இப்படி இருவர் வந்திருக்க முடியுமா என்பது ஐயமே.

குறையும் அங்கேயே இருக்கிறது. மாணவர்களுக்குக் கொடுத்த இந்த விடுதலையை, எரித்த செல்லோ இசைக்கும் தம்முள் இருந்த இசையமைப்பாளருக்கும் அவர் கொடுக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிளாராவின் மூவிசையும் கான்செர்ட்டோவும் மீண்டும் மேடையேறுகின்றன. இசைக்கல்லூரிகளில் பாடமாகவும் உள்ளன. ஃபேனி டேவிஸின் பழைய இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஓபஸ் 17-ஐ வாசிக்கத் தொடங்கும் இன்றைய மாணவர், கிளாராவின் பாடமுறையைக் கொண்டே கிளாராவின் இசையைக் கற்கிறார். ஃபிராங்க்ஃபர்ட் வீட்டில் நடந்த பாடங்களில் விடுபட்டுப்போன பகுதி அது.